இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு யாருக்கு? கோரிக்கை நிறுவனங்களின் கட்டணமும் கட்டுப்பாடுகளும் - ஒரு விளக்கம்

வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ செய்த தவறால் பணத்தை இழந்த ஒருவர், அதைத் திரும்பக் கேட்பதற்கு வழக்கறிஞரையோ முகவரையோ நாட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. நிதித்துறைக் குறைகளைத் தீர்க்கும் அமைப்புகள் பிரிட்டனிலும் இந்தியாவிலும் நுகர்வோரிடம் கட்டணம் பெறுவதில்லை. ஆயினும், "உங்களுக்காக நாங்கள் இழப்பீடு பெற்றுத் தருகிறோம்" என்று முன்வரும் தனியார் நிறுவனங்கள், கிடைக்கும் தொகையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரை கட்டணமாகப் பெற்று வந்துள்ளன.

இந்தத் தொழில் மிகப் பெரிய அளவில் வளர்ந்ததும், பின்னர் சட்டத்தின் மூலம் அதன் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டதும் பிரிட்டனில்தான். அந்த நாட்டின் அனுபவம் என்ன, தற்போது அங்கு நடைமுறையில் உள்ள விதிகள் யாவை, இந்தியாவில் இதே போன்ற சேவையை நாடுவோர் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கோரிக்கை நிறுவனங்கள் என்பவை யாவை?

நிதி நிறுவனங்களின் தவறான விற்பனை, விபத்து, பணியிடப் பாதிப்பு உள்ளிட்ட காரணங்களுக்காக இழப்பீடு கோருவோரின் சார்பில் கடிதப் போக்குவரத்து நடத்தி, அதற்குக் கட்டணம் பெறும் நிறுவனங்கள் பிரிட்டனில் 'இழப்பீட்டுக் கோரிக்கை மேலாண்மை நிறுவனங்கள்' என்று அழைக்கப்படுகின்றன. இவற்றில் பலவும் 'வெற்றி பெற்றால் மட்டுமே கட்டணம்' என்ற அடிப்படையில் செயல்படுகின்றன. கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் வாடிக்கையாளர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ஏற்கப்பட்டால் கிடைத்த தொகையில் குறிப்பிட்ட சதவீதத்தைச் செலுத்த வேண்டும்.

முன்பணம் கேட்கப்படாததால் வாடிக்கையாளருக்கு இந்த ஏற்பாடு பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. அவர் தமது பையிலிருந்து எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. இன்னும் கைக்கு வராத பணத்திலிருந்தே கட்டணம் கழிக்கப்படுகிறது. அதனால், செய்யப்படும் வேலைக்கும் செலுத்தப்படும் கட்டணத்துக்கும் உள்ள பொருத்தத்தை எடைபோட்டுப் பார்க்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நேரத்தில் பலருக்கும் தோன்றுவதில்லை.

பிபிஐ: தொழிலை வளர்த்த முறைகேடு

கடன், கடன் அட்டை, வீட்டு அடமானக் கடன் ஆகியவற்றைப் பெறுவோர் நோய், விபத்து அல்லது வேலையிழப்பால் தவணை செலுத்த இயலாமல் போனால், அத்தவணையை ஈடுகட்டுவதற்காக விற்கப்பட்டது 'தவணைப் பாதுகாப்புக் காப்பீடு'. சுருக்கமாக பிபிஐ எனப்படும் இந்தக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பிரிட்டனில் சுமார் 6.4 கோடி எண்ணிக்கையில் விற்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை 1990 முதல் 2010 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை.

காப்பீட்டுப் பலனைப் பெறவே தகுதியற்ற சுயதொழில் செய்வோருக்கும், ஏற்கெனவே நோயுற்றிருந்தோருக்கும் கூட இவை விற்கப்பட்டன. காப்பீடு எடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்று சிலரிடம் கூறப்பட்டது. கடனுடன் காப்பீடும் சேர்க்கப்பட்டிருப்பதே தெரியாமல் பலர் பிரீமியம் செலுத்தி வந்தனர். இதுகுறித்து நுகர்வோர் ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ் 2005-ஆம் ஆண்டில் போட்டி ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையிட்டது.

புகார்களைக் கையாள்வது தொடர்பாக ஒழுங்குமுறை அமைப்பு வகுத்த விதிகளை எதிர்த்து வங்கிகள் நீதிமன்றத்தை நாடின. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்யாததைத் தொடர்ந்து இழப்பீடு வழங்கும் பணி பெருமளவில் தொடங்கியது. 2014-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் விசாரித்த ஒரு வழக்கில், பிரீமியத்தில் 71.8 சதவீதம் தரகுத் தொகையாகச் சென்றது வாடிக்கையாளரிடம் தெரிவிக்கப்படவில்லை என்பது வெளிவந்தது. அத்தீர்ப்புக்குப் பின்னர், அதிகத் தரகை மறைத்ததற்காகவும் இழப்பீடு கோரும் வழி திறந்தது.

கோரிக்கை அளிக்க 2019 ஆகஸ்ட் 29 இறுதி நாளாக அறிவிக்கப்பட்டது. இதை மக்களிடம் கொண்டுசெல்ல, ஹாலிவுட் நடிகர் அர்னால்ட் சுவார்ஸ்நேகரின் தலையைப் போன்று வடிவமைக்கப்பட்ட இயந்திர உருவம் இடம்பெற்ற விளம்பரத்தை நிதி நடத்தை ஆணையம் 2017-இல் வெளியிட்டது. 2011 ஜனவரி முதல் வழங்கப்பட்ட மொத்த பிபிஐ இழப்பீடு 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது.

இழப்பீட்டில் பங்கு பெற்றவர்கள்

இந்தப் பெருந்தொகையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டோரைச் சென்றடையவில்லை. பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், 2011 ஏப்ரல் முதல் 2015 நவம்பர் வரை வழங்கப்பட்ட 2,220 கோடி பவுண்டு பிபிஐ இழப்பீட்டில், 380 கோடி முதல் 500 கோடி பவுண்டு வரை கோரிக்கை நிறுவனங்களுக்குச் சென்றிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது.

அக்காலத்தில் இந்நிறுவனங்கள் வழக்கமாக 25 முதல் 30 சதவீதம் வரையிலும், சில நேர்வுகளில் அதற்கு மேலும் கட்டணம் பெற்றன. அதன்மீது 20 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்தது. ஆகவே 30 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், வாடிக்கையாளர் இழந்தது 36 சதவீதம். ஒருவருக்கு 3,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தால், 1,080 பவுண்டு கட்டணமாகவும் வரியாகவும் போய்விடும்.

இதற்கு ஈடாகச் செய்யப்பட்ட வேலை பல நேர்வுகளில் எளிமையானதாகவே இருந்தது. வாடிக்கையாளரிடம் கையெழுத்துப் பெற்ற அதிகாரக் கடிதத்துடன் வங்கிக்குப் புகார்ப் படிவம் அனுப்பப்பட்டது. புகாரை ஆராய்ந்து முடிவெடுத்தது வங்கி. வங்கி மறுத்தால் தீர்ப்பளித்தது நிதிக் குறைதீர்ப்பாளர் அமைப்பு. அதே படிவத்தை வாடிக்கையாளரே கட்டணமின்றி அனுப்பியிருக்க முடியும்.

கையில் பணம் வராமலேயே கட்டணம் செலுத்த நேர்ந்ததும் உண்டு. வாடிக்கையாளர் அதே வங்கிக்குக் கடன் நிலுவை வைத்திருந்தால், இழப்பீட்டை வங்கி அந்த நிலுவையில் வரவு வைத்துக்கொள்வது வழக்கம். கடன் குறையும், ஆனால் ரொக்கம் எதுவும் கைக்கு வராது. இருப்பினும் இழப்பீடு 'கிடைத்துவிட்டது' என்ற அடிப்படையில் கோரிக்கை நிறுவனம் கட்டண ரசீதை அனுப்பும். ஏற்கெனவே கடனில் இருந்தவர்கள் இக்கட்டணத்துக்காக மீண்டும் கடன் வாங்க வேண்டிய நெருக்கடிக்கு உள்ளாயினர்.

மக்கள் ஏன் இவற்றை நாடினர்?

இலவச வழி இருந்தும் இவ்வளவு பேர் இந்நிறுவனங்களிடம் சென்றதற்குக் காரணங்கள் இருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கடனின் ஆவணங்கள் பலரிடம் இல்லை. தமக்குக் காப்பீடு விற்கப்பட்டதா என்பதே சிலருக்குத் தெரியாது. வங்கியுடன் கடிதப் போக்குவரத்து நடத்த அச்சமும் தயக்கமும் இருந்தன. ஏற்றிருக்க வேண்டிய புகார்களை வங்கிகள் தொடக்கத்தில் நிராகரித்ததும் நிகழ்ந்தது.

வெற்றி பெறாத கோரிக்கைகளுக்கான செலவைத் தாங்களே ஏற்பதாகவும், தாங்கள் இல்லாவிடில் பலர் கோரிக்கையே அளித்திருக்க மாட்டார்கள் என்றும் இத்துறையினர் வாதிட்டு வந்துள்ளனர். அந்த வாதத்தை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. ஆனால் கோரிக்கையின் சிக்கலுக்கு ஏற்பக் கட்டணம் மாறவில்லை. தொகைக்கு ஏற்பவே மாறியது. ஆயிரம் பவுண்டுக்கும் பத்தாயிரம் பவுண்டுக்கும் நிரப்பப்பட்டது ஏறத்தாழ ஒரே படிவம். கட்டணமோ பத்து மடங்கு வேறுபட்டது.

சட்டம் தலையிட்டது எவ்வாறு?

2006-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், 2007 முதல் இந்நிறுவனங்கள் நீதித்துறை அமைச்சகத்தின் கண்காணிப்பில் இயங்கின. எனினும் கட்டணத்துக்கு வரம்பு இல்லை. 2018-இல் நிறைவேற்றப்பட்ட 'நிதி வழிகாட்டுதல் மற்றும் கோரிக்கைகள் சட்டம்' நிலைமையை மாற்றியது.

* 2018 ஜூலை 10 முதல் பிபிஐ கோரிக்கைகளுக்கான கட்டணம், மதிப்புக் கூட்டு வரி நீங்கலாக 20 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என வரையறுக்கப்பட்டது.
* 2018 செப்டம்பர் முதல், முன்அனுமதி பெறாமல் இழப்பீட்டுக் கோரிக்கை தொடர்பாகத் தொலைபேசியில் அழைப்பது தடை செய்யப்பட்டது.
* 2019 ஏப்ரல் 1 முதல் இந்நிறுவனங்களைக் கண்காணிக்கும் பொறுப்பு நிதி நடத்தை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பிபிஐ அல்லாத பிற நிதிச் சேவைக் கோரிக்கைகளுக்கு 2022 மார்ச் 1 முதல் படிநிலை உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது. இழப்பீட்டுத் தொகையின் அடிப்படையில் அது பின்வருமாறு அமைந்துள்ளது:

* 1,500 பவுண்டுக்குக் குறைவான தொகை: 30 சதவீதம், அதிகபட்சம் 420 பவுண்டு.
* 1,500 முதல் 9,999 பவுண்டு வரை: 28 சதவீதம், அதிகபட்சம் 2,500 பவுண்டு.
* 10,000 முதல் 24,999 பவுண்டு வரை: 25 சதவீதம், அதிகபட்சம் 5,000 பவுண்டு.
* 25,000 முதல் 49,999 பவுண்டு வரை: 20 சதவீதம், அதிகபட்சம் 7,500 பவுண்டு.
* 50,000 பவுண்டும் அதற்கு மேலும்: 15 சதவீதம், அதிகபட்சம் 10,000 பவுண்டு.

இந்த வரம்புகளும் மதிப்புக் கூட்டு வரி நீங்கலானவை. வழக்கறிஞர் நிறுவனங்கள் மேற்கொள்ளும் இத்தகைய கோரிக்கைகளுக்கும் 2024-ஆம் ஆண்டில் இதே போன்ற வரம்பு விதிக்கப்பட்டது. ஒப்பந்தம் செய்யும் முன், கட்டணமின்றிப் புகார் அளிக்கும் வழி உள்ளது என்பதை நிறுவனம் வாடிக்கையாளரிடம் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 14 நாள்களுக்குள் அதிலிருந்து விலகிக்கொள்ளவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

2025 ஏப்ரல் முதல், கோரிக்கை நிறுவனங்களும் வழக்கறிஞர் நிறுவனங்களும் நிதிக் குறைதீர்ப்பாளர் அமைப்பிடம் கொண்டுவரும் புகார்களுக்கு, ஓராண்டில் முதல் 10 புகார்கள் நீங்கலாக, புகார் ஒன்றுக்கு 250 பவுண்டு கட்டணம் விதிக்கப்படுகிறது. புகார் நுகர்வோருக்குச் சாதகமாக முடிந்தால் இதில் 175 பவுண்டு திருப்பி அளிக்கப்படும். நுகர்வோர் நேரடியாக அளிக்கும் புகார்களுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரமின்றி மொத்தமாகப் புகார்களைக் குவிப்பதைக் குறைப்பது இதன் நோக்கங்களில் ஒன்றாகும்.

வரம்பு வந்த பின்னரும் தொடரும் சிக்கல்

உச்சவரம்பு இருப்பதால் மட்டும் கட்டணம் சிறிதாகிவிடவில்லை. 3,000 பவுண்டு இழப்பீட்டுக்கு 28 சதவீதம் என்றால் 840 பவுண்டு. வரியுடன் 1,008 பவுண்டு. அதாவது, சட்டம் அனுமதிக்கும் எல்லைக்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு சென்றுவிடுகிறது.

பிரிட்டனில் வாகனக் கடன் தொடர்பாக எழுந்துள்ள விவகாரம் இதை மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தது. வாகனக் கடனுக்கான வட்டியை உயர்த்தினால் தரகும் உயரும் வகையில் முகவர்களுடன் கடன் நிறுவனங்கள் செய்துகொண்ட ஏற்பாடு 2021 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. முந்தைய ஒப்பந்தங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 1-இல் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அக்டோபரில் நிதி நடத்தை ஆணையம் இழப்பீட்டுத் திட்ட வரைவை வெளியிட்டது. சுமார் 1.4 கோடி ஒப்பந்தங்களுக்கு, ஒப்பந்தம் ஒன்றுக்குச் சராசரியாக 700 பவுண்டு கிடைக்கலாம் என அந்த வரைவில் மதிப்பிடப்பட்டது.

இத்திட்டத்துக்காகக் கோரிக்கை நிறுவனத்தையோ வழக்கறிஞர் நிறுவனத்தையோ நாடத் தேவையில்லை என்றும், நாடினால் இழப்பீட்டில் 30 சதவீதத்துக்கு மேல் இழக்க நேரிடலாம் என்றும் ஆணையம் எச்சரித்தது. 700 பவுண்டு கிடைக்கும் ஒருவரிடமிருந்து 30 சதவீதக் கட்டணமும் வரியும் சேர்த்து 252 பவுண்டு கழிக்கப்பட்டால், அவர் கையில் எஞ்சுவது 448 பவுண்டு மட்டுமே.

தவறான எதிர்பார்ப்பை ஊட்டும் விளம்பரங்கள், ஒரே நபர் தம்மை அறியாமல் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் பதிவாகியிருப்பது, இடையில் விலகுவோரிடம் அதிகப்படியான விலகல் கட்டணம் கேட்பது ஆகியவை குறித்தும் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் எச்சரித்துள்ளன.

இந்தியாவில் நிலை என்ன?

பிரிட்டனைப் போல் கோரிக்கை நிறுவனங்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. வழக்கறிஞர்களைப் பொறுத்தவரை, வழக்கின் முடிவைச் சார்ந்து கட்டணம் நிர்ணயிப்பதையும், வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஆனால் வழக்கறிஞர் அல்லாத ஆலோசனை நிறுவனங்களையும் முகவர்களையும் அந்த விதிகள் கட்டுப்படுத்தாது.

காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்பட்டோர், பழைய பங்குகளையும் ஈவுத்தொகையையும் மீட்க விரும்புவோர், வருங்கால வைப்பு நிதியைப் பெற முயல்வோர் ஆகியோரை நோக்கி இத்தகைய சேவைகள் வழங்கப்படுகின்றன. சதவீத அடிப்படையில் கட்டணம் பெறுவது இங்கும் வழக்கத்தில் உள்ளது. அதற்கு ஒப்புக்கொள்ளும் முன், கீழ்க்காணும் வழிகளுக்குக் கட்டணம் இல்லை என்பதை அறிந்திருப்பது அவசியம்.

வங்கிப் புகார்கள்: முதலில் சம்பந்தப்பட்ட வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின் கீழ் முறையிடலாம். 2021 நவம்பர் 12-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் புகார்தாரருக்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரங்களைப் பெறலாம்.

காப்பீட்டுப் புகார்கள்: காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முறையிட்டும் தீர்வு கிடைக்காதவர்கள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். பாலிசிதாரரோ, அவருடைய சட்டப்பூர்வ வாரிசோ, நியமனதாரரோ புகார் அளிக்கலாம். இதற்கும் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் மறுப்பைப் பெற்ற ஓராண்டுக்குள் புகார் அளிக்க வேண்டும் என்பதால் காலதாமதம் கூடாது.

பங்குகளும் ஈவுத்தொகையும்: தொடர்ந்து 7 ஆண்டுகள் கோரப்படாத ஈவுத்தொகையும் அதற்குரிய பங்குகளும், 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்படுகின்றன. உரியவர் அல்லது வாரிசுகள் 'ஐஇபிஎஃப்-5' படிவம் மூலம் அவற்றைத் திரும்பப் பெறலாம். அப்படிவத்துக்கு அரசுக் கட்டணம் இல்லை. பங்குச் சந்தை தொடர்பான புகார்களைச் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம்.

வங்கி வைப்புத்தொகை: 10 ஆண்டுகளுக்கு மேல் கோரப்படாத வைப்புத்தொகை எந்த வங்கியில் உள்ளது என்பதைத் தேட, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற தளத்தைத் தொடங்கியது. தேடிக் கண்டறிந்தபின், சம்பந்தப்பட்ட வங்கியிலேயே உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிக்க வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி: பணத்தைப் பெறுதல், கணக்கு மாற்றம், விவரத் திருத்தம் உள்ளிட்ட சேவைகளுக்கு வருங்கால வைப்பு நிதி அமைப்பு கட்டணம் பெறுவதில்லை. இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம் என்று அந்த அமைப்பு சந்தாதாரர்களைக் கேட்டுக்கொண்டுள்ளது.

நுகர்வோர் ஆணையம்: சேவை அல்லது பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருப்பின், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கக் கட்டணம் இல்லை. புகார்தாரர் வழக்கறிஞர் இன்றித் தாமே ஆஜராகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கட்டண உதவி தேவைப்படும் இடங்கள்

எல்லா நேர்வுகளிலும் கட்டணம் செலுத்துவது வீண் என்று கூறிவிட முடியாது. பங்குதாரர் இறந்து, வாரிசுகளிடையே கருத்து வேறுபாடு இருந்தால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று பெற வேண்டியிருக்கும். பங்குப் பத்திரங்கள் தொலைந்திருந்தால், பெயரிலும் கையொப்பத்திலும் முரண்பாடு இருந்தால், கூடுதல் ஆவணங்கள் தேவைப்படும். இத்தகைய பணிகளுக்குப் பட்டயக் கணக்காளர், நிறுவனச் செயலர், வழக்கறிஞர் ஆகியோரின் உதவி பயனுள்ளதாகவே இருக்கும். அப்போதும், கிடைக்கும் சொத்தில் பங்கு என்பதைவிட, செய்யப்படும் வேலைக்கு நிலையான தொகை என்று எழுத்துப்பூர்வமாக முடிவு செய்துகொள்வது பாதுகாப்பானது.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

* இந்தக் கோரிக்கையை நேரடியாக, இலவசமாக அளிக்கும் வழி உள்ளதா?
* வரி உள்பட மொத்தக் கட்டணம் சதவீதத்தில் அல்லாமல் ரூபாயில் எவ்வளவு?
* இழப்பீடு கடன் நிலுவையில் வரவு வைக்கப்பட்டால் கட்டணம் உண்டா?
* இடையில் விலகினால் செலுத்த வேண்டியது என்ன?
* பணம் நேரடியாகத் தமது வங்கிக் கணக்குக்கு வருமா, நிறுவனத்தின் வழியாக வருமா?
* கையெழுத்திடும் அதிகாரக் கடிதம் எந்தெந்தச் செயல்களுக்கு அனுமதி அளிக்கிறது?

கோரிக்கையை ஏற்கச் செய்வதாகக் கூறி முன்பணம், 'கோப்புக் கட்டணம்' அல்லது ஒருமுறைக் கடவுச்சொல் கேட்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்கலாம்.

பிரிட்டனில் கட்டண உச்சவரம்பு வந்தபோது, பிபிஐ கோரிக்கைகளுக்கான காலக்கெடு முடிய 14 மாதங்களே எஞ்சியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கட்டணம் செலுத்திவிட்டவர்களுக்கு அந்த வரம்பு பொருந்தவில்லை.